கான்டன் அருங்காட்சியகமும் அதிபர் தேர்தல் பேட்ஜ்களும்: எதைப் பார்க்க வேண்டும்?

கேள்வி: அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தின் கான்டன் நகருக்குப் போகிறேன். அங்குள்ள வரலாற்று அருங்காட்சியகத்தில் பழைய அதிபர் தேர்தல் பேட்ஜ், ரிப்பன், பதாகை எல்லாம் இருக்கிறதாம். தேர்தல் முடிந்தால் குப்பைக்குப் போகிற சாமான்கள்தானே? அவற்றை ஏன் பாதுகாக்கிறார்கள், பார்க்க என்ன இருக்கிறது?

பதில்:

குப்பைக்குப் போயிருக்க வேண்டியவை என்பது உண்மைதான். மலிவாக, லட்சக்கணக்கில் செய்து இலவசமாகக் கொடுத்தவை. நவம்பர் தேர்தல் நாளைத் தாண்டி அவை உயிரோடிருக்க வேண்டும் என்று செய்தவர்களே நினைக்கவில்லை. ஆனாலும் யாரோ ஒருவர் தையல் பெட்டியில், மேசை இழுப்பறையில் போட்டு வைத்தார். பேரப்பிள்ளைகள் எடுத்துக் கொண்டுவந்து அருங்காட்சியகத்தில் கொடுத்தார்கள். தலைவர்கள் பேசியது செய்தித்தாளில் இருக்கிறது. யார் எத்தனை வாக்கு வாங்கினார் என்பது அரசுப் பதிவில் இருக்கிறது. ஒரு சுரங்கத் தொழிலாளி ஞாயிற்றுக்கிழமைக் கோட்டில் எதைக் குத்திக்கொண்டு தெருவில் நடந்தார் என்பதற்கு இந்தச் சாமான்களைத் தவிர சாட்சி கிடையாது.

இன்னொன்றும் உண்டு. ஒரே பேட்ஜ் ஓர் ஊரில் ஒரு பொருளையும் வேறு ஊரில் நேரெதிர்ப் பொருளையும் தந்திருக்கிறது. அதனால் யார் குத்தினார்கள், எங்கே குத்தினார்கள் என்ற விவரம் சேர்ந்திருந்தால்தான் அது வரலாறு. அந்த விவரத்தோடு பொருளைச் சேர்க்கும் வாய்ப்பு தலைநகர் வாஷிங்டனின் பெரிய அருங்காட்சியகங்களைவிட ஒரு மாவட்ட அருங்காட்சியகத்துக்கே அதிகம் என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் இடத்தைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் மெக்கின்லி அதிபர் நூலகம் மற்றும் அருங்காட்சியகம். பெயரைப் பார்த்து மத்திய அரசு நடத்தும் பெரிய அதிபர் நூலகம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த வரிசை 1929-ல் பதவிக்கு வந்த ஹூவரிலிருந்துதான் தொடங்குகிறது. இது ஸ்டார்க் கவுன்டி (மாவட்ட) வரலாற்றுச் சங்கம் நடத்தும் உள்ளூர் அருங்காட்சியகம், 1963-ல் திறந்தது. கோளரங்கம், பழைய காலக் கடைத்தெரு மாதிரி, டைனோசர் காட்சி எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. பக்கத்துக் குன்றின் மேல் 25-வது அதிபர் வில்லியம் மெக்கின்லியின் கல்லறை மாடம். கான்டன் அவர் வக்கீல் தொழில் செய்த ஊர், குடும்பம் நடத்திய ஊர். 1896 தேர்தலை அவர் நடத்தியதும் இங்கிருந்துதான். அந்த ஒரு தேர்தலுக்காகவே இந்தத் தொகுப்பைப் பார்க்கலாம்.

அந்த ஆண்டு எதிரணியில் நின்றவர் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன். வயது 36. ரயிலில் 18,000 மைல் சுற்றி, 600-க்கும் மேற்பட்ட கூட்டங்களில் பேசினார். அவருடைய குரலோடு மேடையில் போட்டி போட முடியாது என்று மெக்கின்லிக்குத் தெரியும். அதனால் அவர் ஊரைவிட்டுக் கிளம்பவில்லை. தன் வீட்டு முன் திண்ணையில் நின்றுகொண்டார். நாடு அவரைத் தேடி வந்தது. அவருடைய தேர்தல் வேலைகளை நடத்திய கிளீவ்லாந்து தொழிலதிபர் மார்க் ஹானா ரயில் கம்பெனிகளிடம் பேசிக் கட்டணச் சலுகை வாங்கிக் கொடுத்தார். வீட்டில் சும்மா இருப்பதைவிடக் கான்டன் போய் வருவது மலிவு என்று பேசிக்கொள்ளும் அளவுக்குக் கட்டணம் இறங்கியது. கோடை முதல் தேர்தல் வரை 30 மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் சுமார் 7.5 லட்சம் பேர். ஊரின் மக்கள்தொகையோ ஏறத்தாழ 30,000. குதிரை மீது உள்ளூர்த் தொண்டர் படை ரயில் நிலையத்திலிருந்து ஒவ்வொரு குழுவையும் பேண்டு வாத்தியத்தோடு அழைத்து வரும். குழுத் தலைவர் என்ன பேசப்போகிறார் என்பதை முன்கூட்டியே எழுதி வாங்கித் திருத்தி வைத்திருப்பார்கள். மெக்கின்லி பதில் சொல்வார், கை குலுக்குவார், அடுத்த குழு உள்ளே வரும். புல்தரை மண்ணாகிப்போனது. வேலிக்கட்டைகளை ஞாபகார்த்தமாகப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். அந்த வீடு இப்போது இல்லை. ஊர் கூடிய அந்தக் காட்சிக்கு மிஞ்சியிருப்பவை புகைப்படங்களும், வந்தவர்கள் நெஞ்சில் குத்தியிருந்த ரிப்பன்களும்தான்.

ஆகவே கண்ணாடிப் பேழைக்கு முன் நிற்கும்போது பளபளக்கும் பேட்ஜை விட்டுவிட்டு முதலில் பட்டு ரிப்பன்களைப் படியுங்கள். அவற்றில் வேட்பாளர் பெயர் மட்டும் இருக்காது. எந்த ஊர், எந்தச் சங்கம், எந்தத் தேதி என்று அச்சிட்டிருப்பார்கள். ரயில்வே ஊழியர் சங்கம், பயண விற்பனையாளர் சங்கம், இன்ன ஊர் மெக்கின்லி–ஹோபார்ட் கிளப் (ஹோபார்ட் துணை அதிபர் வேட்பாளர்) என்று போகும் அந்த வரிசையைப் படித்தாலே அன்று யார் யார் வந்து நின்றார்கள் என்பது தெரியும். கறுப்பின வாக்காளர்களின் கிளப்புகளும் இதில் உண்டு. லிங்கனின் கட்சி என்பதால் அவர்கள் அப்போது மெக்கின்லியின் குடியரசுக் கட்சிப் பக்கம் இருந்தார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ரிப்பன் குத்தியிருந்தவர் எல்லாரும் மனமார வந்தவர் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 1896-ல் பல தொழிற்சாலை முதலாளிகள் "பிரையன் ஜெயித்தால் ஆலையை மூடிவிடுவோம்" என்று தொழிலாளிகளிடம் வெளிப்படையாகவே சொன்னார்கள். மேஸ்திரி முன்னால் எந்தப் பேட்ஜைக் குத்திக்கொண்டு நிற்பது என்பது வேலை சம்பந்தப்பட்ட விஷயமாகவும் இருந்திருக்கும். ஒரு ஆலையின் பெயர் பொறித்த ரிப்பனைப் பார்க்கும்போது எனக்கு இந்தக் கேள்வி வராமல் இருப்பதில்லை: இதைக் குத்தியவருக்கு வேறு வழி இருந்ததா? பொருள் அதற்குப் பதில் சொல்லாது. கூட ஒரு கடிதமோ, குடும்பத்தில் சொல்லி வந்த கதையோ இருந்தால்தான் தெரியும். பொருளை வாங்கும்போதே அதைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். அடுத்த தலைமுறையிடம் கேட்டால் கிடைக்காது.

சரி, பேட்ஜுக்கு வருவோம். இன்று நாம் பார்க்கிற வட்டமான, பின்னால் ஊசி வைத்த பேட்ஜ் பெருவாரியாகப் புழக்கத்துக்கு வந்ததே 1896 தேர்தலில்தான். நியூ ஜெர்சியின் நியூவார்க்கில் இருந்த வைட்ஹெட் அண்ட் ஹோக் கம்பெனி அதற்கான காப்புரிமைகளைச் சேர்த்து வைத்திருந்தது. செய்முறை எளிது: அச்சடித்த காகித வட்டம், அதன் மேல் கண்ணாடி போன்ற செல்லுலாய்ட் தாள், இரண்டையும் ஓர் உலோக மூடியின் மேல் வைத்து விளிம்பை உள்பக்கமாக மடித்து, ஒரு வளையத்தால் இறுக்கிவிடுவார்கள். அந்த வளையத்துக்குள் கம்பி ஊசி. புகைப்படத்தை அழகாகக் காட்டும், மழையில் நனைந்தாலும் ஓரளவு தாங்கும், செலவும் குறைவு. சிகரெட் கம்பெனிகள்கூட இதைப் பாக்கெட்டோடு கொடுத்தன. பின்பக்கம் ஒட்டிய சிறு காகிதத்தில் கம்பெனி பெயரும் காப்புரிமைத் தேதிகளும் இருக்கும். 1896 ஜூலை 21 என்ற தேதியை அடிக்கடி காணலாம். அருங்காட்சியகங்கள் முன்பக்கத்தை மட்டும் காட்டிவிடுகின்றன. விவரம் அறிந்தவர்கள் முதலில் திருப்பிப் பார்ப்பது பின்பக்கத்தைத்தான்.

அதற்கு முன்னால் என்ன இருந்தது என்று கேட்டால், 1789-ல் வாஷிங்டன் பதவியேற்றபோது கோட்டில் தைத்துக்கொள்ளும் பித்தளைப் பட்டன்கள் வந்தன. 1840-ல் வில்லியம் ஹென்றி ஹாரிசனுக்காக மரக்குடிசையும் சைடர் (ஆப்பிள் மது) பீப்பாயும் வரைந்த ரிப்பன், தட்டு, கோப்பை என்று எல்லாவற்றிலும் படம் ஏறியது. பெரிய மாளிகையில் பிறந்தவரை மரக்குடிசைக்காரர் ஆக்கிய பிரசாரம் அது. அமெரிக்கத் தேர்தல் விளம்பரத்தின் பெரும்பகுதி அன்றே கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது என்று சொல்லலாம். 1860-ல் லிங்கனின் படம் சின்ன இரும்புத் தகட்டில் உண்மையான புகைப்படமாகவே வந்தது, பின்பக்கம் துணை அதிபர் வேட்பாளர் ஹாம்லின் படம். அதே ஆண்டு 'வைட் அவேக்ஸ்' என்ற இளைஞர் படைகள் எண்ணெய்த்துணி அங்கியும் தகரத் தீப்பந்தமுமாக இரவு ஊர்வலம் போயின. அங்கி அலங்காரத்துக்கு மட்டுமில்லை. பந்தத்திலிருந்து சொட்டும் எண்ணெய் உடையில் படாமல் காத்தது.

மறுபடி 1896. அந்தத் தேர்தலின் மையப் பிரச்சினை பணம். டாலருக்குத் தங்கம் மட்டும் ஆதாரமா, வெள்ளியையும் 16-க்கு 1 என்ற விகிதத்தில் (16 பங்கு வெள்ளி 1 பங்கு தங்கத்துக்கு ஈடு) தாராளமாக நாணயமாக்கலாமா? கடனில் மூழ்கிய விவசாயிகள் வெள்ளி கேட்டார்கள். பணம் பெருகினால் கடன் லேசாகும். வங்கிகளும் ஆலைகளும் தங்கம் என்றன. இவ்வளவு வறண்ட பொருளாதார விவாதத்தைச் சட்டைப் பொத்தானுக்குப் பக்கத்தில் எப்படிக் கொண்டுவருவது? கொண்டுவந்தார்கள். மெக்கின்லி ஆட்கள் பொன்வண்டு மாதிரி தங்க நிற ஊசி குத்திக்கொண்டார்கள். சிலவற்றில் ஒரு விசையைத் தட்டினால் வண்டின் சிறகு விரியும், உள்ளே மெக்கின்லியும் ஹோபார்ட்டும் இருப்பார்கள். பிரையன் ஆட்களுக்கு வெள்ளி வண்டு. கடிகார முகம் போட்ட பேட்ஜ் ஒன்று உண்டு. முள் 12:44-ல் நிற்கும், அதாவது ஒரு மணிக்குப் பதினாறு நிமிடம் பாக்கி. ஆங்கிலத்தில் அந்த நேரத்தையும் 'பதினாறுக்கு ஒன்று' விகிதத்தையும் ஒரே மாதிரி 'sixteen to one' என்று சொல்லலாம். அதே நேரம் எதிர்த்தரப்பு 'பிரையன் பணம்' என்று சாஸர் அளவு பெரிய நாணயங்களை அடித்துக் கேலி செய்தது. ஒரு தங்க டாலருக்கு ஈடான வெள்ளியைப் போட்டால் டாலர் இவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பது வாதம். டிஃபனி, கோர்ஹாம் போன்ற பெரிய வெள்ளி வேலைக் கம்பெனிகளே இவற்றைச் செய்தன. இந்த மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால் 1896 பொருளாதாரம் பாடப்புத்தகத்தைவிட வேகமாகப் புரிந்துவிடும். முடிவில் மெக்கின்லி ஜெயித்தார்: மாநிலங்களின் தேர்வாளர் வாக்குகளில் அவருக்கு 271, பிரையனுக்கு 176.

1900-ல் அதே இருவர் மறுபடி மோதினார்கள். இப்போது மெக்கின்லி தரப்பின் சின்னம் தொழிலாளியின் நிறைந்த சாப்பாட்டு வாளி. வாளி வடிவத்தில் தகர விளக்குகள் செய்து, எழுத்துகளைத் துளையாகக் குத்தி, உள்ளே மெழுகுவர்த்தி ஏற்றி ஊர்வலத்தில் தூக்கிப் போனார்கள். அடுத்த ஆண்டு செப்டம்பர் 6-ம் தேதி பஃபலோ நகரக் கண்காட்சியில் மெக்கின்லி சுடப்பட்டார். 14-ம் தேதி இறந்தார். தேர்தல் பேட்ஜில் இருந்த அதே புகைப்படம் கறுப்பு விளிம்போடு துக்கப் பேட்ஜாக வந்தது. பிரசாரப் பேட்ஜையும் துக்கப் பேட்ஜையும் ஒரே பேழையில் வைத்திருக்கும் இடங்களில் நான் அதிக நேரம் நின்றிருக்கிறேன். ஒரு குடும்பம் இரண்டையும் வைத்திருந்து கொடுத்தது என்றால் அந்தக் குடும்பத்தின் ஐந்து வருட அரசியல் அங்கே இருக்கிறது.

ஒரே பேட்ஜுக்கு நேரெதிர்ப் பொருள் என்று தொடக்கத்தில் சொன்னேனே, அதற்கு உதாரணம் மெக்கின்லிக்கு அடுத்து வந்த தியடோர் ரூஸ்வெல்ட் காலத்தது. 1901 அக்டோபரில் கறுப்பினக் கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டனை அவர் வெள்ளை மாளிகையில் இரவு உணவுக்கு அழைத்தார். தெற்கு மாநிலங்கள் கொதித்தன. இருவரும் ஒரே மேசையில் அமர்ந்திருக்கும் படத்தோடு, 'சமத்துவம்' என்ற சொல் பொறித்த பேட்ஜ்கள் 1904 தேர்தலையொட்டி வந்தன. கறுப்பின வாக்காளர்களிடையே அது பெருமைக்குரிய ஆதரவுப் பேட்ஜ். தெற்கில் எதிரணியினர் அதே காட்சியை, சில வகைகளில் புக்கர் டி. வாஷிங்டனின் முகத்தை இன்னும் கறுப்பாக்கி, வெள்ளையரைத் தூண்டிவிடப் பயன்படுத்தினார்கள். இப்போது ஒரு பேட்ஜ் மட்டும் தனியாக, ஏலத்தில் வாங்கியதாகக் கிடைத்தால் அது அன்பா, வெறுப்பா? சிகாகோவில் ஒரு கறுப்பினக் குடும்பத்து வீட்டிலிருந்து வந்தது என்ற ஒரு வரி இருந்தால் போதும், எல்லாம் மாறிவிடும். நுழைவுப் பதிவேட்டில் அந்த ஒரு வரியை எழுதுகிறவர்தான் அருங்காட்சியகத்தின் மிக முக்கியமான ஊழியர் என்பேன்.

விலைக்கும் மதிப்புக்கும் உள்ள இடைவெளி 1920 தேர்தலில் நன்றாகத் தெரியும். அந்தத் தேர்தலின் இரண்டு பெரிய வேட்பாளர்களும் ஒஹாயோக்காரர்கள், இருவரும் பத்திரிகை உரிமையாளர்கள்: மேரியன் நகரின் ஹார்டிங், டேட்டனின் காக்ஸ். காக்ஸின் துணை வேட்பாளர் இளம் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட். காக்ஸ் தரப்பில் பணமில்லை. இருவர் படமும் சேர்ந்த பேட்ஜ்கள் மிகக் குறைவாகவே அடித்தார்கள். அதனால் இன்று சேகரிப்பாளர் சந்தையில் அது பல்லாயிரக்கணக்கான டாலருக்குப் போகிறது.

ஆனால் அதே தேர்தலில் கான்டனுக்கு நெருக்கமான பேட்ஜ் வேறொன்று. 1918 ஜூன் 16-ம் தேதி சோஷலிஸ்ட் தலைவர் யூஜின் டெப்ஸ் இதே ஊரின் நிமிசில்லா பூங்காவில் போருக்கு எதிராகப் பேசினார். எதிரே இருந்த சிறையில் அவருடைய தோழர்கள் அடைபட்டிருந்தார்கள். அவர்களைப் பார்த்துவிட்டு வந்துதான் பேசினார். அந்தப் பேச்சுக்காக அவருக்குப் பத்தாண்டுச் சிறை. 1920-ல் அட்லான்டா சிறையிலிருந்தபடியே அதிபர் தேர்தலில் நின்றார். அவருடைய பேட்ஜில் கைதி உடையில் அவர் படம், 'அதிபர் பதவிக்குக் கைதி எண் 9653' என்ற வாசகம். பிரசாரத்துக்கு வெளியே வராமலே ஒன்பது லட்சத்துக்கு மேல் வாக்குகள் பெற்றார். ஜெயித்த ஹார்டிங்தான் 1921 டிசம்பரில் தண்டனையைக் குறைத்து அவரை விடுவித்தார். திண்ணையில் நின்று ஒருவர் அதிபரானதும் பூங்காவில் நின்று ஒருவர் கைதியானதும் ஒரே ஊரில். கான்டன் வரலாற்றைச் சொல்லும் எந்தக் காட்சியிலும் இரண்டு பேட்ஜும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும்.

பெண்களுக்கு நாடு முழுக்க வாக்குரிமை கிடைத்ததும் 1920-ல்தான். அதன் பிறகு வேட்பாளர் பெயர் பொறித்த தையல் விரலுறைகள்கூட வந்தன. அதற்கு முன்பும் பெண்கள் சும்மா இருக்கவில்லை. வாக்கில்லாத காலத்தில் ஊர்வலப் பதாகைகளைத் தைத்தார்கள், தேர்தல் ரிப்பன்களை ஒட்டுத்துணிப் போர்வைகளில் சேர்த்துத் தைத்தார்கள். அப்படி ஒரு போர்வை கண்ணில் பட்டால் தாண்டிப் போய்விடாதீர்கள்.

போலிகளைப் பற்றியும் கேட்பார்கள். 1968-லும் 1972-லும் சில கம்பெனிகள் விளம்பரத்துக்காகப் பழைய பேட்ஜ்களின் நகல்களை ஏராளமாக அடித்து விநியோகித்தன. இன்று தாத்தா பெட்டியில் கிடைத்த மெக்கின்லி பேட்ஜ் என்று வருபவற்றில் பல அந்த நகல்கள்தான். கண்டுபிடிப்பது கடினமில்லை. 1896 அசலில் காகிதமும் செல்லுலாய்டும் விளிம்பில் மடிந்திருக்கும். தகரத்தின் மேலேயே நேராக அச்சடிக்கும் முறை முதல் உலகப்போர் காலத்துக்குப் பிறகுதான் பரவியது. ஆகவே தகரத்தில் நேராக அச்சான மெக்கின்லி நிச்சயம் நகல். 1973-ல் வந்த சட்டம் இப்படிப்பட்ட நகல்களில் செய்த ஆண்டைப் பொறிக்க வேண்டும் என்று ஆக்கியது.

அசல்களுக்கு எதிரி காலம்தான். செல்லுலாய்டுக்கு அடியில் ஈரம் போனால் உலோகம் துருப்பிடித்துப் பழுப்புப் புள்ளிகள் காகிதத்தில் ஏறும். அதைத் துடைத்து எடுக்க முடியாது. செல்லுலாய்ட் தானே சிதையத் தொடங்கினால் அமில வாயு விட்டுப் பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். அதனால் காற்றோட்டமான பெட்டியில், மற்ற பொருள்களிலிருந்து தள்ளி வைப்பார்கள். பட்டு ரிப்பன்களின் கதை இன்னும் சோகமானது. எடையும் பளபளப்பும் கூட்ட அந்தக் காலத்தில் பட்டில் வெள்ளீய உப்புகளை ஏற்றினார்கள். அதுவே நூறாண்டு கழித்து இழையை அறுக்கிறது. மடித்த இடத்தில் தூளாக உதிர்ந்துவிடும். அறை மங்கலாக இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம், வெளிச்சம் அந்த அளவுக்குத்தான் இருக்க வேண்டும்.

இப்படிப்பட்ட தொகுப்புகள் நிரந்தரமும் அல்ல. ஹார்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் அமெரிக்க அரசியல் வாழ்க்கைக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருந்தது. ஒரு காப்பீட்டு நிறுவனத் தலைவர் ஆயுள் முழுக்கச் சேர்த்த பொருள்கள் அதன் அடித்தளம். 2000-களின் தொடக்கத்தில் அது மூடப்பட்டது.

இன்றைய தேர்தல்களின் பொருள்களையும் இப்போதே சேர்க்க வேண்டியிருக்கிறது. தலைநகரின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகக் காப்பாளர்கள் கட்சி மாநாடுகளுக்கே போய்ப் பதாகை, தொப்பி, பேட்ஜ் கேட்டு வாங்கி வருகிறார்கள். அப்புறம், அமெரிக்க அதிபர் தேர்தலின் பொருள்கள் அமெரிக்காவில் மட்டும் இல்லை. கமலா ஹாரிஸின் தாத்தா பி. வி. கோபாலனின் பூர்வீக ஊரான திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரத்தில் 2020-லும் 2024-லும் அவருக்கு வாழ்த்துப் பதாகைகள் கட்டினார்கள். அந்த ஃபிளெக்ஸில் ஒன்றை யாராவது சுருட்டி வைத்திருந்தால், எங்கே, யார் கட்டியது என்று பின்னால் எழுதி வைக்கட்டும்.

நீங்கள் போகும்போது: கூடத்தில் இருப்பது தொகுப்பின் ஒரு பகுதிதான் என்பதை நினைவில் வையுங்கள். சேமிப்பறையில் இருப்பதைப் பார்க்க ஆசையிருந்தால் சில வாரங்கள் முன்னதாகவே எழுதிக் கேளுங்கள். 'தேர்தல் பொருள்கள்' என்று பொதுவாகக் கேட்காமல், 1896-ல் கான்டன் வந்த குழுக்களின் ரிப்பன்கள், அல்லது 1901 துக்கப் பேட்ஜ்கள் என்று குறிப்பாகக் கேட்டால் அவர்களுக்கு எடுத்து வைக்க எளிது. பேட்ஜின் பின்பக்கத்தையும், கொடுத்தவர் சொன்ன குறிப்பையும் காட்டச் சொல்லுங்கள். அருங்காட்சியகத்தை முடித்துக்கொண்டு கல்லறை மாடத்தின் 108 படிகளை ஏறலாம். ஊருக்குள் மெக்கின்லியின் மனைவி ஐடாவின் பிறந்த வீடான சாக்ஸ்டன் இல்லத்தையும் பார்த்துவிடுங்கள்; திண்ணை வீடு போய்விட்டாலும் தம்பதி வாழ்ந்த அந்த வீடு நிற்கிறது.